கையெழுத்துக்கு முன் கண்ணாடி

அய்யா உண்டு.



மாடம்பாக்கத்தில் நம் நிழல்தாங்கலில் முற்றம் பெருக்குவதும், விளக்குக்கு எண்ணெய் விடுவதும், ஞாயிற்றுக்கிழமை அன்னதர்மத்துக்குக் காய் நறுக்குவதும்தான் எனக்குத் தெரிந்த பணிவிடை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஏடு வாசிக்கிற பெரியவர்கள் முன்னால் பேசுகிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் இந்த மாத முதல் ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்ததும், "தொழிலில் நேர்மை பற்றி நீரே பேசும். மளிகைக் கடையும் வைத்திருக்கிறீர், இன்சூரன்சும் பார்த்திருக்கிறீர்" என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாத ஒரு காரணத்தாலும் இதை நான்தான் பேச வேண்டும். அந்தக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பள்ளியறையைப் பாருங்கள். அங்கே சிலை இல்லை. நிலைக்கண்ணாடி இருக்கிறது. திருநாமம் தரித்து, தலைப்பாகை கட்டி நாம் போய் நின்றால் கண்ணாடியில் தெரிவது நம் முகம். உனக்குள் நான் இருக்கிறேன் என்று அய்யா காட்டிய காட்சி அது. அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உனக்குள் நான் இருந்தால், நீ செய்வதெல்லாம் நான் பார்க்கத்தானே செய்கிறேன் என்பது அந்தப் பக்கம். கடையில் தராசு பிடிக்கிற கையையும், படிவத்தில் கையெழுத்துப் போடுகிற கையையும் அந்தக் கண்ணாடி பார்க்கிறது.

கையெழுத்து என்றதும் நம் மக்களுக்குச் சிங்காரத்தோப்பு நினைவுக்கு வர வேண்டும். சுவாதித் திருநாள் திருவிதாங்கூரை ஆண்ட காலம். அய்யாவைப் பிடித்துக்கொண்டு போய்த் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். கடைசியில் விடுவிக்கிறோம், ஆனால் ஒரு சாதியாரோடு மட்டும்தான் பழகுவேன் என்று எழுதியிருக்கிற இந்த ஓலையில் ஒப்புக்கொள் என்றார்கள். ஒரு கையெழுத்துப் போட்டால் விடுதலை. போட்டுவிட்டு வெளியே வந்து தம் விருப்பப்படி நடந்திருக்கலாம். நம்மைப் போன்றவர்கள் அப்படித்தான் செய்திருப்போம். அய்யா அந்த ஓலையைக் கிழித்துப் போட்டார். மறுபடியும் சிறைக்கே போனார். செய்ய மனமில்லாததைச் செய்வேன் என்று எழுதிக் கொடுப்பதைவிடச் சிறையே மேல் என்று காட்டினார்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தை எண்ணிப் பாருங்கள். தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலி இல்லாத ஊழியம். உழைத்தவன் வீட்டில் அடுப்பு எரியாது, கணக்கு எழுதுகிறவன் வைத்ததுதான் கணக்கு. ஏமாற்றப்படுவது என்றால் என்ன என்று நன்றாக அறிந்த மக்கள் நாம். அந்த வலியிலிருந்து நம்மைத் தூக்கி நிறுத்தத்தான் அய்யா வந்தார். காணிக்கை கேட்காதே, கைக்கூலி வாங்காதே என்று கட்டளையிட்டார். அப்படிப்பட்டவர் பிள்ளைகள் இன்று பேனாவும் தராசும் பிடிக்கிற இடத்துக்கு வந்திருக்கிறோம். நம் கையால் இன்னொருவர் ஏமாறக் கூடாது.

துவையல் பந்தியும் காப்பீடும்

இன்சூரன்ஸ் என்றால் சிலர் அதைக் கலியின் சூதாட்டம் என்கிறார்கள். சிலர் கம்பெனிக்காரன் பணம், கிடைத்தவரை லாபம் என்கிறார்கள். இரண்டும் தவறு.

வாகைப்பதியில் எழுநூறு குடும்பத்தார் துவையல் தவசு இருந்தது உங்களுக்குத் தெரியும். நாளும் துவைத்து, குளித்து, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். இருப்பவன் இல்லாதவன் என்ற பேதம் அந்தப் பந்தியில் இல்லை. காப்பீடும் ஒரு வகையில் அப்படிப்பட்ட பந்திதான். ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். ஆயிரம் குடும்பம் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டால் ஐந்து லட்சம் சேரும். அந்த வருடம் ஐந்து வீட்டில் சாவு விழுந்தால், வீட்டுக்கு ஒரு லட்சம் போகும். மற்ற 995 வீட்டாரும் நாங்கள் போட்ட பணம் போச்சே என்று வருந்த வேண்டியதில்லை. விழுந்தவரைத் தாங்கியிருக்கிறார்கள். நாளை தாங்கள் விழுந்தால் தாங்கப்படுவார்கள்.

இந்தப் பந்தியில் ஒருவன் பொய் சொன்னால் என்ன ஆகும்? எரியாத கடையை எரிந்தது என்கிறான், இல்லாத விபத்தை எழுதுகிறான், இருக்கிற நோயை மறைக்கிறான். பானை குறைகிறது. அடுத்த வருடம் ஐந்நூறு போட்டவர்கள் அறுநூறு போட வேண்டியிருக்கிறது. அறுநூறு போட முடியாத ஏழை பந்தியை விட்டு எழுந்து போகிறான். ஆகவே பொய்க்கணக்குக் காட்டியவன் ஏமாற்றியது பக்கத்து இலையில் இருந்தவனை. நம் தாங்கலில் அன்னதர்மச் சோற்றை ஒருவன் பானையோடு தூக்கிக்கொண்டு போனால் பொறுப்போமா? இதுவும் அதுதான்.

பந்தி பரிமாறுகிறவன் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். நம் நாட்டில் ஆயுள் காப்பீட்டை 1956-ல் அரசு எடுத்துக்கொண்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அப்போது இருந்த சில கம்பெனிகளின் முதலாளிகள், மக்கள் கட்டிய பணத்தைத் தங்கள் பணமாக நினைத்து வேறு வியாபாரத்தில் போட்டார்கள். பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் கையாடல் நடந்ததாகப் பெரும் தொழிலதிபர் டால்மியா மீது வழக்கு நடந்து, அவர் சிறை சென்றார். 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாக்கி, அந்த ஆண்டு செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. தொடங்கியது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அடுத்த ஆண்டே எல்.ஐ.சி. பணம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல், முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் முறையின்றிப் போடப்பட்டது. நாடாளுமன்றத்தில் பெரோஸ் காந்தி அதைக் கேட்டார். ஆளும் கட்சிக்காரர், பிரதமரின் மருமகன், ஆனாலும் கேட்டார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். நம் சென்னையைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958-ல் பதவி விலகினார். அரசின் கையில் இருந்தாலும் தனியார் கையில் இருந்தாலும் பொதுப்பானைக்குக் காவல் வேண்டும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

பெரிய இடத்துப் பொய்யைப் பேசுவது சுலபம். இனி என் பொய்யைச் சொல்கிறேன்.

நான் போட்ட கையெழுத்து

2006-ஆம் ஆண்டு. கடை வருமானம் போதாமல் நான் இன்சூரன்ஸ் ஏஜென்டாகவும் இருந்தேன். என் தெருவில் ஒரு கொத்தனார் அண்ணன் இருந்தார். செய்யாறு பக்கத்து மனிதர். மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரே மகன். நான்தான் அவரை வற்புறுத்தி ஒரு லட்ச ரூபாய்க்குப் பாலிசி எடுக்க வைத்தேன். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து படிவம் எழுதினோம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு கேள்வியாக நான் கேட்டேன். சர்க்கரை உண்டா என்று கேட்டபோது அவர், "ஆமா தம்பி, ரெண்டு வருசமா மாத்திரை சாப்பிடறேன்" என்று ஒளிக்காமல் சொன்னார்.

உண்டு என்று எழுதினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், பிரீமியம் கூடும், சில நேரம் பாலிசியே வராது. மாதக் கடைசி. எனக்கு இலக்கு முடிய ஒரு பாலிசி பாக்கி. நான் இல்லை என்று எழுதினேன். அவர் தமிழில் தம் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். தமிழில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்காகப் படிவத்தின் கடைசியில் ஓர் உறுதிமொழி உண்டு. கேள்விகளை இவருக்குத் தாய்மொழியில் விளக்கினேன், இவர் சொன்னதையே எழுதினேன் என்று எழுதியவன் ஒப்பமிட வேண்டும். அதிலும் நான் கையெழுத்துப் போட்டேன். அன்று காலையில்தான் நாமம் இட்டுக்கொண்டு தாங்கலில் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டு வந்திருந்தேன்.

பதினான்கு மாதம் கழித்து அவர் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். மூன்று வருடத்துக்குள் சாவு என்றால் கம்பெனி விசாரிக்கும். விசாரித்தார்கள். அவர் மாத்திரை வாங்கிய நோட்டுப்புத்தகம் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. நோயை மறைத்துப் பாலிசி எடுத்தார் என்று சொல்லிப் பணம் மறுத்துவிட்டார்கள்.

கடிதம் வந்த அன்று அந்த அக்கா என் கடைக்கு வந்தார். கையில் கடிதம். "தம்பி, அவரு உங்கிட்ட சொல்லவே இல்லியா?" என்று கேட்டார்.

நான், "இல்லக்கா, அவரு சொல்லல" என்றேன்.

அன்புக்கொடி மக்களே, படிவத்தில் எழுதியது ஒரு பொய். இது இரண்டாவது. முதல் பொய் பணத்தைத் தின்றது. இரண்டாவது பொய் செத்தவர் பெயரைத் தின்றது. எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியாதவர் மேல் பழியைப் போட்டேன். அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் நான் தாங்கலில் பணிவிடை செய்தேன்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது நமக்கு மறக்காது. படகில் ஆட்களை மீட்டார்கள். முடிச்சூரில் என் மைத்துனர் கடைக்குள் கழுத்தளவு தண்ணீர். அவர் கடைக்கு வெள்ளக் காப்பீடு எடுத்திருந்தார். கணக்கெடுக்க சர்வேயர் வரும் முன்னால் நான் போய் உட்கார்ந்தேன். நனைந்து போன அரிசி 22 மூட்டை. நான் சொன்னேன், "நாப்பதுன்னு எழுதும். பழைய பில்லு இருக்குல்லா? நாறிப்போன அரிசிய யாரு எண்ணப் போறா?"

அவர் சேறு வாரிக்கொண்டே, "எண்ணுறவரு பள்ளியறையில இருக்காரு மச்சான்" என்றார். 22 என்றே எழுதினார். 22 மூட்டைக்குத்தான் பணமும் வந்தது.

அவர் என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. என் கதை அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த இரவிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. 2016 மாசி 20, அய்யா வைகுண்ட அவதாரத் திருநாள். அன்று இனிமம் வாங்கிக்கொண்டு நேராக அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பணம் போனது போவட்டும் தம்பி. எம்மவன் இத்தன வருசமா, அப்பன் மறைச்சதாலதான் நாம தெருவுல நின்னோம்னு அவங்கப்பா படத்தக்கூட மாட்ட விடல. அவங்கிட்ட போய் சொல்லு."

போய்ச் சொன்னேன். அதைவிடக் கடினமான பணிவிடை நான் செய்ததில்லை.

ஏஜென்ட் வேலையை விட்டேன். அந்த ஒரு லட்சத்தை மாதம் ஆயிரமாக நூறு மாதம் கொடுத்தேன். அக்கா முதலில் வாங்க மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். 2024 ஜூலையில் முடிந்தது. கடன் தீர்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பையன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவன் வீட்டுச் சுவரில் இப்போது அப்பா படம் இருக்கிறது. இதைச் சபையில் சொல்ல அக்காவிடம் அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறேன்.

உண்மை சொன்னவனுக்குச் சட்டமும் துணை

உண்மையைச் சொன்னால் பிழைக்க முடியுமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நம் தாங்கலுக்கு வரும் வக்கீல் அன்பர் ஒருவர் எனக்கு இரண்டு வழக்குகளைச் சொன்னார். இரண்டும் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தவை.

ஒன்று, 1962-ல் தீர்ப்பான மிதூலால் நாயக் வழக்கு. ஒருவர் 25,000 ரூபாய்க்குப் பாலிசி எடுத்தார். முந்தைய வருடம்தான் ரத்தசோகை, கால் வீக்கம், மூச்சிரைப்பு என்று டாக்டரிடம் வைத்தியம் பார்த்திருந்தார். படிவத்தில் அதை மறைத்தார். அவர் இறந்தபின் பாலிசிப் பணமும் இல்லை, கட்டிய பணமும் திரும்பாது என்று தீர்ப்பு வந்தது.

மற்றொன்று, 2021-ல் தீர்ப்பான மன்மோகன் நந்தா வழக்கு. அவர் அமெரிக்கா போகுமுன் மருத்துவக் காப்பீடு எடுத்தார். தமக்குச் சர்க்கரை உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார். அங்கே மாரடைப்பு வந்தது. சென்னையில் தலைமையகம் உள்ள யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் பணம் தர மறுத்தது. உடல்நிலையைத் தெரிந்துகொண்டே பாலிசி கொடுத்துவிட்டு, இப்போது அதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சர்க்கரையை மறைத்து எழுதிய என் படிவம் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியது. சர்க்கரையைச் சொன்ன மனிதருக்கு அந்தச் சொல்லே துணையாக நின்றது.

"மூன்று வருடம் தள்ளிவிட்டால் கம்பெனி கேட்க முடியாது, அதுவரை மறைத்துவிடு" என்று சில ஏஜென்டுகள் இன்று சொல்கிறார்கள். இன்சூரன்ஸ் சட்டம் 45-ஆம் பிரிவில் அப்படி ஒரு கால வரம்பு இருப்பது உண்மை. நேர்மையாக எடுத்தவரைக் காலம் கடந்து கம்பெனி அலைக்கழிக்கக் கூடாது என்பதற்காக வைத்த வேலி அது. அதைத் திருடனுக்கு வழி ஆக்காதீர்கள். சாவு மூன்று வருடம் காத்திருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

நாம் செய்ய வேண்டியவை

பாலிசி எடுக்கிறவர்களுக்கு: படிவத்தை ஏஜென்டிடம் விட்டுவிடாதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் சொன்னதைத்தான் எழுதினாரா என்று படித்த பிள்ளையை வைத்துத் தமிழில் வாசித்துக் கேளுங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பழைய ஆபரேஷன், புகையிலை எல்லாவற்றையும் சொல்லுங்கள். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பாலிசி கைக்கு வந்தபின் பிடிக்கவில்லை என்றால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். நியாயமில்லாமல் பணம் மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் சரியில்லை என்றால் சென்னையிலேயே இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை.

ஏஜென்டாக இருக்கும் நம் பிள்ளைகளுக்கு: முதல் பிரீமியத்தில் பாதி நான் கட்டுகிறேன் என்று ஆசை காட்டாதீர்கள். கமிஷனைத் திருப்பிக் கொடுத்து ஆள் பிடிப்பது 41-ஆம் பிரிவில் குற்றம். பத்து வருடம் கட்ட வேண்டியதை ஒரு தடவை கட்டினால் போதும் என்று சொல்லி வயதானவர்கள் சேமிப்பை வாங்காதீர்கள். உங்கள் இலக்கு மாதக் கடைசியில் முடிந்துவிடும். அவர்கள் வீட்டுக் கண்ணீர் முடியாது.

கடை வைத்திருக்கிறவர்களுக்கு: தென்மாவட்டத்திலிருந்து வந்து தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் எங்கும் கடை விரித்திருக்கிறோம். "அண்ணாச்சி கடையில் குழந்தையை அனுப்பினாலும் சரியாகக் கொடுப்பார்" என்கிற அந்த ஒரு வார்த்தைதான் நம் முதல். தராசுக்கு வருடா வருடம் முத்திரை போடுங்கள். தேதி முடிந்த பாக்கெட்டை எலக்ட்ரிக் விளக்கு எரியாத மூலையில் வைத்து விற்காதீர்கள். கடன் நோட்டில் எழுதத் தெரியாதவர் பக்கத்தில் ஒரு ரூபாய்கூடக் கூட்டி எழுதாதீர்கள். அவர் பார்க்க மாட்டார். கண்ணாடி பார்க்கும்.

இதையெல்லாம் கேட்டு, எனக்கும் இப்படி ஒரு பழைய கணக்கு இருக்கிறதே என்று யாராவது மனதுக்குள் நினைத்தால், அவருக்கு மட்டும் ஒரு வார்த்தை. அன்னதர்மத்துக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்து அதைக் கழித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். நானும் ஒன்பது வருடம் அப்படித்தான் எண்ணினேன். தாங்கலுக்குக் கொடுத்தால் அந்த வீட்டுக் கடன் தீராது. அய்யா காணிக்கை கேட்டவர் இல்லை. யாரிடம் எடுத்தீர்களோ அவர் வீட்டு வாசலுக்குப் போங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே போங்கள்.

தாழ்ந்தவரைத் தாங்குவதே தர்மம் என்பது நம் வழி. தாங்க முடியாவிட்டாலும், தாழ்ந்தவர் தலையில் மிதித்து ஏறாமல் இருப்போம். இன்று மாலை உகப்படிப்புக்கு வரும்போது பள்ளியறைக் கண்ணாடி முன் ஒரு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். இந்த வாரம் எங்கெங்கே கையெழுத்துப் போட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். அந்த நினைப்போடு கண்ணாடியை நேராகப் பார்க்க முடிந்தால், தர்மயுகத்துக்கு நாம் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறோம்.

 பிழை இருந்தால் அய்யா பொறுப்பார்.

அய்யா உண்டு.